தலையெழுத்தும் தார்ச்சாலையும்

“விதி இல்லேன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரு நீங்க. எனக்கொரு பதில் சொல்லுங்க சாரே. விதி இல்லேன்னா, எம் பிள்ளையைக் கொன்னது யாரு?”

கீரிப்பாறையிலே ஒரு தாய் நம்மைக் கேட்டாள். கேட்டவள் கல்லூரி கண்டவளல்லள். தத்துவ நூல்களைத் தொட்டவளுமல்லள். பொழுது புலருமுன் தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தியும் வாளியும் கையில் ஏந்தி, ரப்பர் மரங்களுக்கிடையே ஏறியும் இறங்கியும் பால்வெட்டும் தொழிலாளி. ஒட்டுப்பால் காய்ந்து கறுத்த விரல்கள். அந்த விரல்கள் வளர்த்த பிள்ளை, நாம் ஆசிரியப் பணிக்கு வந்த முதல் ஆண்டிலே நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். பத்தொன்பது வயது. நாகர்கோவிலில் ஒரு கடையிலே வேலை. சில திங்களுக்கு முன், ஒரு மாலை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளிலே வீடு திரும்பினான். தடிக்காரன்கோணத்தைத் தாண்டி, மலைச்சாலையிலே ஒரு வளைவு. வளைவிலே விளக்கில்லை. மரத்தடி ஏற்றிய லாரியொன்று பழுதுற்று, பின்விளக்கும் எரியாமல், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அவனிடம் தலைக்கவசம் இருந்தது — தலையிலே அல்ல, வண்டியின் கண்ணாடியிலே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு வீட்டுக்கு வந்தது அவனல்ல, அவன் இறந்தான் என்ற செய்தி!

துக்கவீட்டிலே இரண்டு தீர்ப்புகள் வழங்கப்பட்டன.

முதல் தீர்ப்பு முதியவர்களுடையது. “அவன் நேரம் முடிந்தது” என்றார் ஒருவர். “பத்தொன்பதிலே கண்டம் என்று சாதகத்திலேயே இருந்ததாம்” என்றார் மற்றொருவர். “அந்த வளைவு காவு கேட்கும் வளைவு, மூன்றாண்டுக்கொரு முறை கேட்கும்” என்றார் இன்னொருவர். மறுவாரமே அந்த வளைவிலே எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைக்கப்பட்டது. தடியங்காய் உடைக்கப்பட்டது. நாஞ்சில் நாட்டிலே தடியங்காய் என்றால், பிற ஊர்களிலே பூசணிக்காய். உடைந்த காயின் சதையிலே வழுக்கி, அடுத்த நாள் காலையிலே பால்காரர் ஒருவர் சைக்கிளோடு விழுந்தார்! முழங்கையிலே சிராய்ப்போடு தப்பினார். காவைத் தடுக்க வைத்த காய், இன்னொரு காவுக்கு வழிபார்த்தது!

இரண்டாம் தீர்ப்பு படித்தவர்களுடையது. அவர்கள் விதி என்று கூறவில்லை, நாகரிகமாகப் பேசினர். “இந்தக் காலத்துப் பையன்கள்! கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள். ஹெல்மெட் போட்டானா? இல்லை. பிறகென்ன?” என்றனர். பிறகென்ன என்ற சொல்லோடு வழக்கு முடிந்தது. குற்றவாளி யார்? செத்தவன்! அவன்தான் எதிர்வழக்காட வரமாட்டானே.

இரு தீர்ப்புகளையும் கேட்டுவிட்டுத்தான் அந்தத் தாய் நம்மை நோக்கித் திரும்பினாள். அந்தக் கேள்வியைக் கேட்டாள். மேடையிலே விதியை வெட்டி வீழ்த்தியவர் நாம். பட்டிமன்றத்திலே பரிசும் பெற்றவர். ஆனால் அன்று அந்த முற்றத்திலே நமக்கு விடை வரவில்லை. தலைகுனிந்து திரும்பினோம். விதி இல்லை என்று கூறுவதோடு பகுத்தறிவாளன் வேலை முடிந்துவிடுமா? விதியைச் சிங்காதனத்திலிருந்து இறக்கிவிட்டால், அந்த இடத்திலே இருந்து பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று காட்ட வேண்டாமா? அன்று நாவெழாமல் நின்ற நாம், எண்ணிப் பார்த்துத் தேடிய விடையை இங்கே எழுதுகிறோம்.

எண் பேசுகிறது

ஏடுகளைப் புரட்டினோம். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. 2022 ஆம் ஆண்டுக்குரியதை எடுத்தோம். அந்த ஓராண்டிலே இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். மணிக்குப் பத்தொன்பது பேர். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்றை நாம் நடத்தி முடிப்பதற்குள் பதினான்கு பேர்! தமிழ்நாட்டிலே மட்டும் 17,884 உயிர்கள். விபத்துகளின் எண்ணிக்கையிலோ, 64,105 என்ற கணக்கோடு, நம் மாநிலமே முதலிடம். எத்தனையோ துறைகளிலே முதலிடம் கண்டு மகிழ்ந்த நாம், இந்த முதலிடத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

மாண்டவர் யார்? நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியிலே சென்றவர்கள். ஏறத்தாழ இருபது பேர் நடந்து சென்றவர்கள். பேருந்திலே பயணம் செய்து மாண்டவர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள்; உழைத்து வீட்டைத் தாங்கும் வயதினர். தலைக்கவசம் அணியாமல் மாண்டோர் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். எந்த நேரத்திலே விபத்து மிகுதி? மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். எந்தச் சாலையிலே? நாட்டின் மொத்தச் சாலை நீளத்திலே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளிலே, நூற்றுக்கு முப்பத்தாறு சாவுகள்!

நம் மாணவனை இந்த ஏட்டிலே வைத்துப் பார்த்தோம். பத்தொன்பது வயது, இருசக்கர வண்டி, மாலை ஏழு மணி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழி, தலைக்கவசம் இல்லை. நெடுஞ்சாலை ஒன்றைத் தவிர, அத்தனையும் ஒத்து வந்தது. அவன் பெயர் அந்த ஏட்டிலே இல்லை. ஆனால் அவனுக்கென ஓர் இடம் அங்கே முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது போலிருந்தது. படித்தபோது உடல் சிலிர்த்தது, தோழர்களே!

இன்னும் பாருங்கள். 2015 இல் 1,46,133 பேர். 2016 இல் 1,50,785 பேர். 2017 இல் 1,47,913 பேர். ஆண்டு மாறுகிறது, ஆட்கள் மாறுகிறார்கள், தொகை மட்டும் பெரிதாக மாறவில்லை. இன்னார் சாவார் என்று எவராலும் கூறமுடியாது. இத்தனை பேர் சாவார் என்று ஏறத்தாழ எவராலும் கூறமுடியும்! பெயர் தெரியாது, நாள் தெரியாது, தொகை தெரியும்.

இங்கேதான் விதிவாதி குதித்தெழுகிறான். “பார்த்தீரா? உங்கள் விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது! தொகை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சித்திரகுப்தன் ஏட்டைத்தான் நீங்கள் புள்ளிவிவரம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறீர்கள்” என்கிறான்.

குயெத்தலே கண்ட கணக்கு

விதிவாதியின் இந்த வாதம் புதிதன்று. 1835 ஆம் ஆண்டிலே, பெல்ஜியம் நாட்டு வானியலறிஞர் அடால்ஃப் குயெத்தலே, மனிதனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கோள்களின் போக்கைக் கணக்கிட்ட கையாலே பிரான்சு நாட்டின் நீதிமன்றப் பதிவேடுகளையும் கணக்கிட்டார். வியந்தார். ஆண்டுதோறும் கொலைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கத்தியால் இத்தனை, துப்பாக்கியால் இத்தனை என்ற பிரிவுகூடப் பெரிதும் மாறவில்லை. 1857 இல் ஆங்கில வரலாற்றாசிரியர் பக்கிள் இன்னொரு வேடிக்கையை எடுத்துக்காட்டினார். முகவரி எழுத மறந்து அஞ்சற்பெட்டியிலே போடப்படும் கடிதங்களின் அளவுகூட ஆண்டுக்காண்டு ஒரே சீராக இருக்கிறதாம்! மறதிக்கும் ஓர் ஒழுங்கு!

அன்றைய அறிஞருலகம் கலங்கியது. மனிதனுக்கு உரிமையான விருப்பம் என்று ஒன்று உண்டா, இல்லையா? கொலைகாரன் தானே எண்ணிக் கொன்றானா, கணக்கை நிரப்பக் கொன்றானா? சிலர் எண்ணிலே புதிய கடவுளைக் கண்டு கைகூப்பினர். ஆனால் குயெத்தலே கைகூப்பவில்லை. குற்றத்துக்குரிய நிலத்தைச் சமுதாயமே உழுது வைக்கிறது. குற்றவாளி அதிலே முளைப்பவன். நிலத்தைத் திருத்தினால் விளைச்சல் மாறும் என்ற கருத்துக்கு வந்தார். எண் சீராக இருப்பது ஏன்? அதை உண்டாக்கும் நிலைமைகள் சீராக இருப்பதால்! ஆண்டுதோறும் அதே இருண்ட வளைவுகள், அதே பின்விளக்கற்ற லாரிகள், அதே நெருக்கடி, அதே வேகம், அதே அலட்சியம். காரணம் மாறாத இடத்திலே விளைவு மாறாது. இதற்குச் சித்திரகுப்தன் எதற்கு? ஒரே கிணற்றிலே நாள்தோறும் இறைத்தால் ஒரே சுவையுள்ள தண்ணீர்தானே வரும்!

விதிக்கும் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சோதனையிலே கண்டுகொள்ளலாம். விதி என்பது மாற்ற முடியாதது என்பர். எண் மாறுமா என்று பார்ப்போம்.

மாறியது! இந்த நாட்டிலேயே மாறியது. 2019 இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டி நின்ற தொகை, 2020 இல் ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது. கொரோனா ஊரடங்கினாலே வண்டிகள் சாலைக்கு வரவில்லை. சாலைச் சாவும் குறைந்தது. 2021 இலே வண்டிகள் வந்தன. 1,53,972 என்று சாவும் ஏறியது. கேட்கிறோம் விதிவாதியை: பிரமன் தலையிலே எழுதிய எழுத்து, அரசாங்கத்தின் ஊரடங்கு உத்தரவுக்குக் கட்டுப்படுமோ? சித்திரகுப்தன் ஏடு, மாவட்ட ஆட்சியர் அறிவிப்பைக் கண்டு பக்கம் மாற்றிக்கொள்ளுமோ?

நெடுங்கணக்கையும் பாருங்கள். 1970 இலே இந்தியச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 14,500. 1990 இலே 54,100. 2010 இலே 1,34,500. 1970 முதல் 2022 வரை மக்கள் தொகை மூன்று மடங்குகூடப் பெருகவில்லை. சாலைச் சாவு பதினொரு மடங்குக்கு மேல் பெருகியது. தலையெழுத்துகளா திடீரென்று பெருகின? பெருகியவை வண்டிகள், வேகம். பெருகாதவை நடைபாதை, விளக்கு, கண்காணிப்பு, கவலை.

கடல் கடந்த நாடொன்றைப் பார்ப்போம். 1997 அக்டோபரிலே சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் ஒரு முடிவு செய்தது: சாலையிலே ஒருவர்கூடச் சாவதை இந்நாடு ஏற்காது; அதுவே குறிக்கோள். அந்த ஆண்டு அங்கே சாலையிலே மாண்டோர் 541 பேர். 2023 இலே 229 பேர். வண்டிகள் குறைந்தனவா? இல்லை. எதிரெதிர் வரும் வண்டிகள் மோதாதபடி இடையிலே கம்பிவடத் தடுப்பு அமைத்தனர். நாற்சந்திகளை வட்டச் சந்திகளாக்கினர். மக்கள் நடமாடும் தெருக்களிலே வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் அளவுக்குக் குறைத்தனர். எருமையேறி வரும் எமனுக்கு வடநாட்டுப் பனி ஒத்துக்கொள்ளாமலா போயிற்று? அவன் வரும் பாதையை மனிதர் அடைத்தனர்!

ஆக, எண் விதியன்று. மாற்றத் தெரிந்தவன் மாற்றினால் மாறுவது. மாறக்கூடிய ஒன்றை மாற்றாமல் வைத்திருப்பதும் ஒரு செயலே. இந்த இரண்டாவது உண்மைதான் நம் நெஞ்சைச் சுடுகிறது.

செத்தவன்மீது வழக்கு

முதல் தீர்ப்பு தகர்ந்தது. இனி இரண்டாம் தீர்ப்பு: “அவன் தவறு.” இது பகுத்தறிவு வேடம் போட்டு வருவதால், விதியைவிட ஏமாற்றக்கூடியது.

2022 ஆம் ஆண்டு அறிக்கையிலே, சாலைச் சாவுகளில் நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கு மேல் “மிகுவேகம்” என்ற காரணத்தின்கீழ்ப் பதிவாகியுள்ளன. உண்மைதான், வேகம் கொல்லும். பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது: வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. ஆனால் எண்ணிப் பாருங்கள். விபத்து நடந்த இடத்திலே காவலர் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வழக்குக்கு ஒரு மனிதன் வேண்டும். வளைவைக் கைது செய்ய முடியுமா? எரியாத விளக்குக்கு விலங்கிட முடியுமா? ஆகவே மனிதனே காரணமாகிறான். அந்த அறிக்கையே கூறுகிறது, விபத்துகளில் மூன்றில் இரண்டு நேரான சாலையிலே நடந்தவை என்று. நேரான சாலை வேகத்துக்கு அழைக்கிறது. அழைத்த சாலையின் பெயர் எந்தக் குற்றப்பத்திரிகையிலே ஏறியது?

அமெரிக்காவிலும் ஒரு காலத்திலே இப்படித்தான். ஓட்டுநரைத் திருத்துங்கள், எல்லாம் சரியாகும் என்று பரப்பினர். 1965 இலே ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் ஒரு நூல் எழுதினார். ஓட்டுபவனை மட்டும் பார்க்காதீர், அவன் ஏறியிருக்கும் வண்டி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள் என்றார். மோட்டார் முதலாளிகள் சீறினர். ஆனால் அடுத்த ஆண்டே, 1966 இல், வண்டிகளின் பாதுகாப்புக்கு அந்நாட்டிலே சட்டம் வந்தது. முப்பது வயதைத் தாண்டியவுடனே ஓர் இளைஞர் எழுப்பிய கேள்வி, அந்தக் கோட்டைச் சுவரிலே விரிசல் கண்டது!

சுவீடன் நாட்டார் தேவர்களா? அவர்களுக்கு மறதி இல்லையா? பத்தொன்பது வயதிலே அங்கே எவனும் துள்ளி ஓட்டுவதில்லையா? அங்கும் மனிதன் தவறுகிறான். ஆனால் மனிதன் தவறுவான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு சாவிலே போய் முடியாதபடி சாலையை அமைக்க வேண்டியது அமைப்பவர் கடமை என்று வகுத்தனர்.

இதிலே ஒரு பெரிய அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. தலைக்கவசம் அணியாதது பிழை. ஒப்புகிறோம். அந்தப் பிழைக்குச் சட்டம் விதிக்கும் தண்டம் எவ்வளவு? ஆயிரம் ரூபாய். சட்டம் ஆயிரம் ரூபாய் என்று மதிப்பிட்ட பிழைக்குச் சாலை ஓர் உயிரை வாங்கியது! பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கவனக்குறைவுக்கு மரணதண்டனை என்று எந்த நீதிமன்றம் எழுதியது? நீதிமன்றம் எழுதாத தண்டனையை இருட்டு நிறைவேற்றியது. நாமோ, “அவன் தவறு” என்று கூறி அந்தத் தண்டனைக்கு ஒப்புதல் கையெழுத்து இடுகிறோம்.

சாலை யாருக்கு?

இந்தக் கேள்வியை நாஞ்சில் நாட்டிலே நின்றுகொண்டு கேட்பதற்கு ஒரு பொருத்தமுண்டு. சாலையிலே நடக்கும் உரிமைக்காகப் போரிட்ட மண் இது. 1924 இலே வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று கிளர்ச்சி எழுந்தது. பெரியார் சிறை புகுந்தார். 1926 இலே சுசீந்திரத்திலே, அதே உரிமைக்காக, டாக்டர் எம்.இ. நாயுடு போன்றோர் முன்னின்ற போராட்டம் நடந்தது. பிறப்பைக் காட்டி, “இந்தத் தெருவிலே நீ நடக்காதே” என்றார்கள் அன்று. அந்தப் பலகையைப் பிடுங்கி எறிந்தார்கள் நம் முன்னோர்.

இன்று சாலையிலே பலகை இல்லை. ஆனால் நடப்பவனுக்கு இடமும் இல்லை! நடைபாதை இருக்க வேண்டிய இடத்திலே கடை. கடைக்கு முன்னே வண்டி. வண்டிக்கு அப்பால் விரையும் லாரி. 2022 இலே நடந்து சென்று மாண்டோர் முப்பத்திரண்டாயிரத்துக்கு மேல். காரிலே செல்பவனைச் சுற்றி எஃகுக் கூடு, காற்றுப்பை, இடைவார். நடப்பவனைச் சுற்றி என்ன இருக்கிறது? வேட்டியும் காற்றும்! சாதி வகுத்த வரிசை ஒன்று. வேகம் வகுக்கும் வரிசை இன்னொன்று. இந்த இரண்டாவது வரிசையிலும் கடைசியிலே நிற்பவன் ஏழை.

இந்தத் தாயையே பாருங்கள். அவள் வெட்டும் பால் உறைந்து, தாளாகி, சந்தைக்குப் போகிறது. ரப்பரிலே மிகப் பெரும் பங்கு டயராகிறது. அவள் விரல் தொட்ட ரப்பர், யார் யாருடைய வண்டியையோ வழுக்காமல் காத்துக்கொண்டு, நாடெங்கும் ஓடுகிறது. விடுமுறை நாட்களிலே காளிகேசத்து ஓடையிலே குளிக்க வரும் கார்களின் சக்கரத்திலும் அது இருக்கலாம். அவள் தலையிலே விளக்கைக் கட்டிக்கொண்டுதான் ஒவ்வொரு விடியலுக்கு முன்னும் வேலைக்குச் சென்றாள். அவள் மகன் திரும்பிவரும் வளைவிலே ஒரு விளக்கு வைக்க இந்தச் சமுதாயத்துக்கு நேரமில்லை!

விடை

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கொன்றது யார்?

பின்விளக்கெரியாத லாரியை இருட்டிலே நிறுத்திவிட்டுப் போனவர் ஒரு பங்கு. அந்த லாரியைச் சாலைக்குத் தகுதியானதென்று விட்டவர் ஒரு பங்கு. வளைவுக்கு விளக்கும் ஒளிரும் தட்டும் வைக்கவேண்டியிருந்தும் வைக்காதவர் ஒரு பங்கு. சாலை அமைப்பிலே குறையிருந்து உயிர் போனால் அமைத்தவருக்கும் பொறுப்புண்டு என்று மோட்டார் வாகனச் சட்டத்திலே 2019 இல் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தண்டம் ஒரு இலட்சம் ரூபாய்க்குள். இருக்கும் அந்தச் சட்டத்தையும் எடுத்து வழங்கக் கேளாதவர் ஒரு பங்கு. தலைக்கவசத்தைக் கண்ணாடியிலே தொங்கவிட்ட அந்தப் பிள்ளைக்கும் ஒரு சிறு பங்கு.

“பங்கு போட்டால் பழி கரைந்துவிடுமே! ஆயிரம் பேர் குற்றம் என்றால் ஒருவர் குற்றமும் இல்லை என்றுதானே ஆகும்?” என்று கேட்பாருண்டு. பழி என்ன, பந்தியிலே பரிமாறும் பாயசமா, ஆள் கூடக்கூட அளவு குறைய? பத்துப்பேர் சேர்ந்து ஒரு கதவைச் சாத்தி ஒருவனை மூச்சடைக்க வைத்தால், ஒவ்வொருவனும் பத்தில் ஒரு பங்கு கொலையா செய்தான்? தன் கையை எடுத்திருந்தால் கதவு திறந்திருக்கும் என்றால், அவன் பொறுப்பு முழுமையானது. விளக்கு ஒன்று எரிந்திருந்தால் போதும், அவன் பிழைத்திருப்பான். லாரி ஓரமாக நின்றிருந்தால் போதும். தலைக்கவசம் தலையிலே இருந்திருந்தால் போதும். எந்த ஒரு கை விலகியிருந்தாலும் போதுமென்றால், எந்தக் கையும் தூய்மையான கையன்று.

இன்னொரு பங்கையும் கூறவேண்டும். கூறாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகும். அந்த வளைவைக் கிழமையிலே ஐந்து நாள், போகவும் வரவும், பேருந்திலே கடந்தவர் நாம். அங்கே விளக்கில்லை என்பது நமக்குத் தெரியும். மாலைப் பேருந்தின் ஓட்டுநர் அங்கே ஒலிப்பானை நீட்டி அடிப்பார், நாம் படித்துக்கொண்டிருக்கும் ஏட்டிலிருந்து ஒருகணம் தலைநிமிர்வோம், மீண்டும் குனிவோம். மூடநம்பிக்கையைச் சாடும் கட்டுரையைக்கூட அந்த வளைவிலே நாம் படித்திருக்கக்கூடும்! நான்காண்டிலே ஒரு மனு எழுதினோமா? இல்லை. எலுமிச்சம்பழம் வைத்தவர்களாவது அந்த வளைவிலே ஆபத்துண்டு என்று கண்டு, தங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார்கள். எல்லாம் தெரிந்த நாம் ஒன்றும் செய்யவில்லை.

இதை அந்தத் தாயிடமே சென்று கூறினோம். “அம்மா, கொன்றது விதியல்ல. உங்கள் மகன் மட்டும் செய்த தவறுமல்ல. தடுத்திருக்கக்கூடியவர்கள் பலர், தடுக்கவில்லை. அந்தப் பலரிலே நாமும் ஒருவர்.” வைவாள் என்று எதிர்பார்த்தோம். வையவில்லை. நெடுநேரம் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அப்போ, இதைத் தடுத்திருக்கலாம்?” “தடுத்திருக்கலாம்” என்றோம். அந்தச் சொல் அவளுக்கு ஆறுதல் தரவில்லை என்பதைக் கண்டோம். விதி என்றிருந்தால் அழுது ஓய்ந்திருப்பாள். தடுத்திருக்கலாம் என்பது ஓயவிடாத சொல். உண்மை சிலநேரம் பொய்யைவிடக் கொடிய சுமை. ஆனால் பொய்யைச் சுமப்பவள் அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. உண்மையைச் சுமப்பவளால் முடியும்.

“மனு எழுதுங்க சாரே. முதல் கையெழுத்து நான் போடுறேன்” என்றாள்.

எழுதினோம். அவள் கையெழுத்தை அடுத்து இருநூற்றுப் பதினேழு கையெழுத்துகள். விதி என்று அன்று கூறிய முதியவரும் இட்டார். அவன் தவறு என்று கூறிய படித்தவரும் இட்டார். உரியவர்களிடம் கொடுத்திருக்கிறோம். விளக்கு இன்னும் வரவில்லை. திங்கள்தோறும் சென்று கேட்டுவருகிறோம். அதுவரை, ஒளிரும் பட்டைகளை வாங்கி, வளைவோரத்துக் கற்களிலும் மரங்களிலும் நம் மாணவர்கள் ஒட்டியிருக்கிறார்கள். இரவிலே பேருந்து திரும்பும்போது அவை பளிச்சிடுகின்றன.

இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஒரு வளைவு இருக்கும். ஒரு பள்ளிக்கூட வாசல் இருக்கும், வேகத்தடை இல்லாமல். ஒரு கூட்டுச்சாலை இருக்கும், விளக்கில்லாமல். படிப்பகத்திலே கூடுங்கள், ஊர்ப் படம் ஒன்று வரையுங்கள், எங்கே விழுந்தார்கள், எந்த நேரம், எதனால் என்று குறியுங்கள். ஒழுங்கு தானே தென்படும். தென்பட்டதை மனுவாக்குங்கள். விழுந்து கிடப்பவனைக் கண்டால் வழக்குக்கு அஞ்சி விலகாதீர். தூக்கி உதவியவரைத் துன்புறுத்தலாகாது என்று 2016 இலேயே உச்சநீதிமன்றம் நெறி வகுத்துவிட்டது. முதல் நாற்பத்தெட்டு மணி நேர மருத்துவத்துக்கு அரசே பணம் செலுத்தும் “இன்னுயிர் காப்போம்” திட்டம் 2021 டிசம்பர் முதல் இங்கே இருக்கிறது. அதை அறியாதவர்க்கு எடுத்துரையுங்கள். உங்கள் தலைக்கவசத்தைக் கண்ணாடியிலே தொங்கவிடாதீர்கள். ஆயுத பூசைக்கு நடுத்தெருவிலே காய் உடைப்பவனிடம், பின்னே வரும் வண்டிக்காரனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள் என்று கூறுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான தொகை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதப்போவது பிரமன் அல்லன். சாலையை அமைப்பவரும், வண்டியை ஓட்டுபவரும், அதைப் பார்த்தும் பாராமல் பேருந்திலே குனிந்து படித்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவரும்.